பேங்கில வெட்டினது

கராம்பு வாசம் என்றால் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் பெண்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. குடித்துவிட்டு வருகிற ஆம்பளை இஸ்தோப்புத் திண்ணையில் ஏறுமுன் இரண்டு கராம்பை வாயில் போட்டுக் கடிப்பான். வாடை மறைந்துவிட்டது என்று அவனுக்கு நினைப்பு. உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருக்கிற பெண்சாதி கராம்பை முகர்ந்ததுமே அடுப்பை அணைத்துவிட்டுச் சண்டைக்குத் தயாராவாள்.

கிளறன்ஸ் இருபது வருஷம் இந்த வித்தையைச் செய்தவன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அவனை மிஞ்ச அந்த டிவிசனில் ஆளில்லை. குடிப்பதிலும் அப்படித்தான். கத்தியைப் பிடித்துக் குனிந்து குனிந்து இடுப்புப் போனபின் தோட்டத்து வேலையை விட்டான். குடியை விட்டது அதற்குப் பிறகு, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், வஹகோட்டை அந்தோனியார் திருவிழாவில். கையில் மெழுகுதிரி உருகிச் சுட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் மேபல் நின்று கேட்க, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். அன்றையிலிருந்து தொடவில்லை. மேபல் அவனை நம்பினாள் என்று சொல்ல முடியாது. நம்பிப் பார்க்கலாம் என்று இருந்தாள்.

நம்பாததற்கு அவளிடம் காரணம் இருந்தது. மகள் நிலூஷா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஏழு வருஷம். ஆரம்பத்தில் அவள் அனுப்பின காசைக் கண்டிக்குப் போய் எடுத்துவருவது கிளறன்ஸ்தான். காசு ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் மெலிந்துதான் வீடு வந்து சேரும். கேட்டால், பேங்க்ல வெட்டிட்டாங்க என்பான். ஏன் வெட்டினார்கள் என்று கேட்டால் நீளமாகப் பேசுவான். டொலர் இறங்கிவிட்டது, குவைத்தில் பெருநாள், கவுண்டரில் இருந்த பெண் புதுசு, அவளுக்கு எண்ணத் தெரியவில்லை. பொய் சொல்லும்போது அவனுக்கு அப்படியொரு வாய். குட்டு உடைந்தபிறகு அந்த வார்த்தை வீட்டில் கேலியாகிவிட்டது. நிலூஷா வீடியோவில் வந்து, என்னம்மா மெலிஞ்சிட்டீங்க, பேங்க்ல வெட்டிட்டாங்களா என்று கேட்பாள். பிறகு அது வீட்டைத் தாண்டியும் போனது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஈரக் கொழுந்து என்று இரண்டு கிலோவைக் கழித்தால், வரிசையில் நிற்கிற பெண்கள் "பேங்க்ல வெட்டிட்டாங்கடி" என்று சொல்லிச் சிரித்தார்கள். மேபலும் சேர்ந்து சிரிக்கவேண்டியிருந்தது.

சத்தியம் பண்ணின ஆடி மாதம் நிலூஷா லீவில் வந்தாள். சேர்த்த காசைக் கண்டியில் ஒரு வங்கியில் தன் பேரில் நிரந்தர வைப்பில் போட்டாள். வட்டி மாதாமாதம் பத்தாயிரம். அந்தக் காசை அப்பாவின் கணக்குக்கே வரச்செய்தாள். மேபல் ஒத்துக்கொள்ளவில்லை. நிலூஷா சொன்னது இதுதான்: "ஒரு மனுசன் திருந்தியிருக்கேன்னு சொல்றாரும்மா. ஒரு பொறுப்பும் குடுக்காம வெச்சிருந்தா அவரு எத வெச்சுக் காட்டுவாரு?"

மேபல் அவன் முகத்துக்கு நேரே தன் பங்கைச் சொன்னாள். இன்னொரு தடவை போத்தல் மூடியைத் திறந்தால் அவள் கலகெதரையில் தம்பி வீட்டுக்குப் போய்விடுவாள். திரும்பி வரமாட்டாள். கிளறன்ஸ் தலையை ஆட்டினான்.

நன்றாகத்தான் போனது. மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை பஸ்ஸில் போவான், வங்கியில் எடுப்பான், பகல் ரொட்டிக்கு வீட்டில் நிற்பான். பத்து ஆயிரம் ரூபாய்த் தாளையும் அந்தோனியார் படத்துக்குக் கீழே வைப்பான். மேபல் கொழுந்துக்கூடையை இறக்கி, இடுப்புப் படங்கை அவிழ்த்துப்போட்டு, கை கழுவிவிட்டு வந்து எண்ணுவாள்.

போன சித்திரையிலிருந்து அவன் பகலில் வருவது நின்றுபோனது. இருட்டுகிற நேரத்து பஸ்ஸில் வந்தான். கேட்டால் டவுனில் சுணங்கிவிட்டது என்றான். கார்த்திகை, மார்கழியில் சட்டையில் கராம்பு மணந்தது. ஆனால் நடை நேராக இருந்தது, கண் வெளுப்பாக இருந்தது, படத்துக்குக் கீழே தாள் பத்தும் இருந்தது. குடிகாரன் கையில் காசு முழுசாக வீடு வராது என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தாள்.

தை மாதம் தாள் ஒன்பது இருந்தது.

வெளியே காற்று தகரத்தைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. மேபல் மறுபடி எண்ணினாள். கிளறன்ஸ் அடுப்படியில் குந்திக் கை காய்ச்சிக்கொண்டிருந்தான். அவன்மேல் கராம்பு மணந்தது.

"ஒண்ணு குறையுதுங்க" என்றாள்.

"ம்."

"எங்க?"

அவன் வாயைத் திறந்தான். "மேபலு…" என்றவன் அப்படியே மூடிக்கொண்டான்.

அவன் ஏதாவது பேசியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். டொலர் இறங்கினதைச் சொல்லியிருந்தால்கூடச் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பாள், அதோடு முடிந்திருக்கும். பேசாமல் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லவும் முடியாத அளவுக்கு விழுந்துவிட்டான் என்று நினைத்தாள். போனை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் நிலூஷாவுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். ஒங்கப்பா மறுபடி ஆரம்பிச்சிட்டாரு, நான் நாளைக்கு மாமா வீட்டுக்குப் போறேன். சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினாள்.

காலையில் அவள் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகவில்லை. ஒரு நாள் பேரும் சம்பளமும் போனால் போகட்டும் என்று பையில் இரண்டு சேலையும் செபமாலையும் பிரஷர் குளிசையும் வைத்தாள். விட்டுப் போகிறவள்தான், என்றாலும் ரொட்டி சுட்டாள். வெங்காயம், கொச்சிக்காய் இடித்துக் கட்டச் சம்பல் வைத்தாள். இரண்டு நாளைக்குப் போதும் என்று கணக்குப் பண்ணி மாவு பிசைந்தாள். கிளறன்ஸ் தேத்தண்ணியை மட்டும் குடித்தான். அவள் செருப்பை மாட்டும்போது பையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"நீங்க எங்க வாறீங்க?"

"கலகெதர பஸ்ஸு கண்டியிலருந்துதானே. அதுக்கு முந்தி பேங்குக்கு வந்துட்டுப் போ."

"பேங்குல எனக்கு என்ன இருக்கு?"

"நான் சொன்னா நீ நம்ப மாட்ட. நம்பவும் வேணாம். அங்க கேளு, அதுக்கப்புறம் பஸ்ஸு ஏறு. நானே ஏத்தி விடுறேன்."

அவள் முன்னால் நடந்தாள். மலையில் பனி இறங்கி, கொழுந்து பறிக்கிற பெண்களின் தலை மட்டும் தெரிந்தது. ஒருத்தி கூப்பிட்டு எங்கே இரண்டு பேருமாய் என்று கேட்டாள். தம்பி வீட்டில் விசேஷம் என்று மேபல் சொன்னாள்.

பஸ்ஸில் கண்டக்டர் கணேஸ். அதே தோட்டத்துப் பையன், வாய் சும்மா இருக்காது. கிளறன்ஸுக்கு டிக்கெட் கொடுக்கக் குனிந்தவன் மூக்கை உறிஞ்சினான். நேற்றைய சட்டையைத்தான் கிளறன்ஸ் மாற்றாமல் போட்டிருந்தான்.

"என்ன மாமா, விடியக்காலையிலேயே கராம்பு போட்டாச்சா?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். கிளறன்ஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மேபலுக்கு அந்தக் கணமே இறங்கி நடந்துவிடலாம் போல இருந்தது. திகனையில் கூட்டம் ஏறி நெருக்கியபோது அவன் பையை மடியில் வைத்து அவளுக்கு இடம் விட்டான்.

வங்கிக்குள் குளிர் மலையைவிட மோசமாக இருந்தது. மேபல் செருப்பை வெளியே கழற்றப் போனாள், காவல்காரர் வேண்டாம் என்று கை காட்டினார். தமிழ் பேசுகிற உத்தியோகத்தரிடம் அனுப்பினார்கள். மயூரதன் என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும்.

"இருங்கோ அம்மா. ஐயா, நீங்களும் அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ. என்ன விஷயம்?"

கிளறன்ஸ் உட்காரவில்லை. அடையாள அட்டையை மேசையில் வைத்தான். "எம்பொண்ணோட வட்டிக் காசு எங்கணக்குக்கு வருதுங்க சேர். மாசாமாசம் எவ்வளவு வந்துச்சுன்னு இவங்களுக்குச் சொல்லுங்க. எனக்குச் சொல்ல வேணாம்."

மகளின் வைப்பைப் பற்றிப் பேச முடியாது, ஐயாவின் கணக்கில் விழுந்ததைச் சொல்லலாம் என்று மயூரதன் கணினியைத் தட்டினான்.

"இந்த மாசம் ஒன்பதாயிரம் வந்திருக்கு."

"இந்த மாசம் மட்டுந்தானே ஒம்பது?" என்றாள் மேபல்.

"இல்லையம்மா. சித்திரையில இருந்தே ஒன்பதுதான். பங்குனி வரைக்கும் பத்து வந்திருக்கு. பத்தில ஒரு பங்கை வரியாப் பிடிச்சிருக்கினம்."

"வரியா?" மேபல் கதிரையின் நுனிக்கு வந்தாள். "அவ குவைத்துல பாத்திரம் கழுவுறா சேர். என்ன, தோட்டமா வாங்கிப் போட்டிருக்கா?"

மயூரதனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். பொதுவாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்துப் பொறுமையாக விளங்கப்படுத்தினான். வட்டியில் வங்கி வரியைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டவேண்டும். வருமானம் குறைந்தவர்கள் பிரகடனம் ஒன்று எழுதிக் கொடுத்தால் பிடிப்பதில்லை. மகள் லீவில் வந்தபோது கொடுத்திருப்பாள். ஆனால் அது பங்குனியோடு முடிகிற ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். சித்திரை பிறந்ததும் புதிதாகக் கொடுக்கவேண்டும்.

"வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு இதுதான் கரைச்சல் அம்மா. நாங்கள் மெசேஜ் அனுப்புவம், அது இங்கத்தை நம்பருக்குப் போகும். அவையள் பார்க்கிறேல்லை. என்ர அக்காவும் கனடாவில இருந்து என்னைத்தான் பேசுறா, நான் என்னவோ அவவின்ர காசை எடுத்துச் சாப்பிட்ட மாதிரி."

நிலூஷாவின் இங்கத்தைய சிம் வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. போகும்போது கழற்றி, பத்திரம்மா என்று மேபலின் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனாள். மேபல் அதை ஊசி நூலோடு போட்டு மூடி வைத்திருந்தாள்.

வரி இலக்கம் எடுத்து, பிரகடனத்தை மகள் அங்கிருந்தே எழுதி அனுப்பினால் இனி வருவதை நிறுத்தலாம் என்றான் மயூரதன். "போனது எங்களிட்ட இல்லை. இறைவரித் திணைக்களத்திட்டத்தான் கேக்கோணும். கிடைக்காதெண்டு சொல்ல மாட்டன். கெதியாக் கிடைக்குமெண்டும் சொல்ல மாட்டன்."

மேபல் தலையை ஆட்டினாள். அவன் சொன்னதில் பாதி அவளுக்குள் போகவில்லை. சித்திரையிலிருந்து ஒன்பது. படத்துக்குக் கீழே மார்கழி வரைக்கும் பத்து. இது இரண்டும் அவள் மண்டைக்குள் மோதிக்கொண்டிருந்தன. கிளறன்ஸ் அடையாள அட்டையை எடுக்கக் கை நீட்டினான். பெருவிரல் நகம் தவிட்டு நிறமாய் இருந்தது. நகத்துக்குக் கீழே தோல் வெடித்து ஆறிப்போய், மறுபடி வெடித்திருந்தது. கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கையில் காய்ப்பு உள்ளங்கையில்தான் வரும். இது வேறு வேலை.

வெளியே வந்து மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். அங்கே கடலை வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"மார்கழி வரைக்கும் அந்த ஆயிரம் எங்கருந்து வந்துச்சு?"

"அலவத்துகொட."

"அங்க யாரு இருக்கா நமக்கு?"

சித்திரையில் ஒன்பது தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வர அவனுக்குக் கால் வரவில்லை. இங்கேதான் நின்றுகொண்டிருந்தான். மூட்டை இறக்க ஆள் தேடி ஒரு லொறி வந்தது. ரபீகா என்று ஒரு அம்மா, அலவத்துகொடையில் கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கி விற்கிறவள், அவளுடைய லொறி. அன்றைக்கு மூட்டை தூக்கினான். அடுத்த மாதம் மிளகு புடைத்தான். கராம்புக் காலம் வந்ததும் காம்பு கிள்ளினான். நேற்றும் போனான். ரபீகாவின் மச்சான் மௌத்தாகி வீடு முழுக்கச் சனம். கதிரை தூக்கினான், பந்தலுக்குப் படங்குச் சீலை கட்டினான், தண்ணி அள்ளினான்.

"சாவு வீட்டுல போயி கூலி கேக்க முடியுமா?" என்றான். "அதான் ஒம்பது."

"இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு மூட்ட தூக்கினீங்களா?"

அவன் கடலை வண்டியைப் பார்த்தான்.

"அந்தச் சித்திரையிலேயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. வாய்தான் இருக்கே."

"என்னன்னு சொல்றது?" என்றான் கிளறன்ஸ். "பேங்க்ல வெட்டிட்டாங்கன்னா?"

அதை அவன் வேறெப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று அவளும் யோசித்துப் பார்த்தாள். வேறு வார்த்தை இல்லை. நிறுக்கிற இடத்தில் தானும் சேர்ந்து சிரித்தது ஞாபகம் வந்தது.

கலகெதர பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கத்திக்கொண்டே இறங்கினான். கிளறன்ஸ் பையைத் தோளிலிருந்து இறக்கி, அவள் பக்கம் நீட்டினான்.

"நீங்களே வெச்சிருங்க" என்றாள் மேபல். "அலவத்துகொடைக்கு எந்த பஸ்ஸு?"

"அங்க எதுக்கு?"

"இன்னைக்குப் பேரும் போச்சு, நேத்து ஆயிரமும் போச்சு. கைய ஆட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா?"

துக்க வீடு ஆனாலும் கராம்பு காத்திருக்காது. பறித்ததைக் குவித்துவைத்தால் புழுங்கி வெளுத்துவிடும், விலை போகாது. ரபீகா வெள்ளைத் துணியைத் தலையில் போட்டபடியே பின்கொட்டிலைத் திறந்துவைத்திருந்தாள். கிளறன்ஸைக் கண்டதும் நேற்று கூலி கொடுக்காமல் விட்டதைச் சொல்லி வருத்தப்பட்டாள். மேபலைக் கண்டு, இவ்வளவு நாளும் இவர் பெண்சாதி இல்லாத மனுஷன் என்றல்லவா நினைத்தேன், ஒரு பேச்சும் பேசமாட்டாரே என்றாள். தேத்தண்ணியும் சீனிப் பணியாரமும் கொடுத்து உட்காரவைத்தாள்.

கொட்டிலில் பச்சைக் கராம்பு பாயில் குவிந்திருந்தது. கொத்தை இடது கையில் பிடித்து, வலது உள்ளங்கையில் வைத்து முறுக்கினால் மொட்டு வேறு, காம்பு வேறாக வரும். எண்ணெய் கசிந்து விரலில் ஏறி எரியும். கிளறன்ஸ் ஒவ்வொரு மொட்டாய்ப் பெருவிரல் நகத்தால் கிள்ளினான். மேபல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படியா கிள்ளுவீங்க? ஒம்பது மாசமா சம்பளம் குடுத்திருக்காங்களே, அந்தம்மாவுக்குச் சொர்க்கந்தான்."

"கத்தி பிடிச்ச கையி. இதுக்குத் தோதுப்படல."

"தள்ளுங்க."

முப்பது வருஷம் கொழுந்து பறித்த விரல். கொத்து அவள் கைக்குள் போனதும் காம்பு தனியாக விழுந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் தங்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கிளறன்ஸ், பிரித்த மொட்டை அள்ளிக் காயப்போடுகிற வேலைக்கு மாறினான். வெயில் பின்னேரம் வரைக்கும் நன்றாக எறித்தது. குனியும்போதெல்லாம் அவன் இடுப்பில் கை வைப்பதை மேபல் கண்டாள். மூன்றாம் தடவை, உட்காந்து சாக்குத் தைங்க, நான் அள்ளிக்கிறேன் என்று அதட்டினாள். நிறுத்துப் பார்த்து ரபீகா கூலி கொடுத்தாள். நேற்றையதையும் சேர்த்து நீட்டினாள். நேற்றையதை மேபல் வாங்கவில்லை.

கண்டியிலிருந்து திரும்புகிற பஸ்ஸிலும் கணேஸ்தான். டிக்கெட் புத்தகத்தோடு கிட்ட வந்தவன் மூக்கை ஒருமுறை உறிஞ்சினான். மேபல் பக்கம் திரும்பி இன்னொருமுறை உறிஞ்சினான்.

"என்ன மாமி, இன்னைக்கு நீங்களுமா?"

"ஆமாடா தம்பி. தனியா விட்டா ஊரு பேசுது, அதான் சேந்துக்கிட்டேன். ரெண்டு டிக்கெட்டு குடு."

பஸ்ஸே சிரித்தது. மேபலும் சிரித்தாள். கிளறன்ஸின் காது சிவந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவன் மாதிரிக் கண்ணை மூடினான்.

தெல்தெனிய தாண்டும்போது போன் அடித்தது. நிலூஷா. அங்கே வேலை முடிந்து இப்போதுதான் குரல் பதிவைக் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, மாமா வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டீங்களா?"

"நம்ம வீட்டுக்குத்தான் போறேன்."

"அப்பா எங்க?"

"பக்கத்துல இருக்காரு."

"குடிச்சாராம்மா? மறைக்காமச் சொல்லுங்க."

மேபல் கிளறன்ஸைப் பார்த்தாள். கண் மூடித்தான் இருந்தது, தலை போன் பக்கம் சாய்ந்திருந்தது.

"இல்ல" என்றாள். "பேங்க்ல வெட்டிட்டாங்க."

லைன் அறுந்துவிட்டதோ என்று மேபல் போனை எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள் நிலூஷா மெதுவாக, "நீங்களுமா?"

"ஆமா, நானுந்தான். சிரிக்காம கேளு." மேபல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பஸ் வளைவில் இரைந்து ஏறியது, அவள் அதற்கு மேலாகக் குரலை உயர்த்தினாள். சித்திரையிலிருந்து தொடங்கினாள். வரி, பிரகடனம், பிஸ்கட் டின், லொறி, மிளகு, ரபீகா வீட்டு மௌத்து, வெடித்த பெருவிரல். அவன் பொய் சொன்ன காலத்தில்கூட இவ்வளவு நீளமாகச் சொன்னதில்லை.

கிளறன்ஸ் கண்ணைத் திறக்கவில்லை. பையை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.